கைல எடுத்த ஆர்என்எஸ் (நரம்புக்கு திரும்பத் திரும்ப கரண்ட் குடுத்து பாக்கற டெஸ்ட்) நார்மல், இப்போ முகத்துல எடுக்கணுமாம், எதுக்கு?

கேள்வி:
அம்மாவுக்கு 58 வயசு. மூணு மாசமா சாயங்காலம் ஆனா இடது கண் இமை தொங்கிடுது, காலைல எந்திரிச்சா நல்லாத்தான் இருக்கு, டிவி பாத்தா எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுங்கறாங்க. கண் டாக்டர் இமை மேல ஐஸ் பேக் 2 நிமிஷம் வச்சு எடுத்தாரு, இமை நல்லா தூக்கிடுச்சு, உடனே நியூரோகிட்ட அனுப்பிட்டாரு. அவரு மையஸ்தீனியாவா, அதாவது நரம்பு சொல்றது சரியா போய் சேராம தசை சீக்கிரம் சோர்ந்துடற நோயா இருக்கலாம்னு இந்த டெஸ்ட் எழுதினாரு. கைல நார்மல்னா நோய் இல்லன்னுதானே அர்த்தம்? முகத்துல கரண்ட்டான்னு அம்மா நேத்துலருந்து சரியா சாப்பிடவே இல்ல.

பதில் 1:
ஈஎம்ஜி லேப்ல (நரம்பு, தசை டெஸ்ட் எடுக்கற இடம்) டெக்னீஷியனா இருக்கேன். அப்படி அர்த்தம் இல்லங்க. கண்ணோட நிக்கிற மையஸ்தீனியால கை பெரும்பாலும் நார்மலாத்தான் வரும், பாதிச்ச இடத்துக்கிட்டதான் தேடணும். காதுக்கு முன்னாடி முக நரம்பு மேல கரண்ட் குடுப்போம், கண்ண சுத்தியிருக்கற தசையிலயோ மூக்கோரத்துலயோ எலக்ட்ரோடு ஒட்டியிருக்கும். செகண்டுக்கு 3 தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் நரம்பு நுனிலருந்து வர்ற, தசைய சுருங்கச் சொல்ற அசிடைல்கோலின்ங்கற ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமா குறையும், நமக்கெல்லாம் கையிருப்பு தாராளம், அதனால ஒண்ணும் தெரியாது, இவங்களுக்கு அத வாங்கற ரிசெப்டாரே குறைஞ்சு போயிருக்கறதால நாலாவது தட்டுக்குள்ள சில தசை நார் டிமிக்கி குடுத்துடும். தசை துடிப்பு திரைல அலையா வரும், முதல் அலைய விட நாலாவது அலை 10 சதவீதத்துக்கு மேல சின்னதானா சந்தேகம் பலமாகும். பல்ல கடிச்சுக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க, தாடை தசை சேந்து துடிச்சா அலை கெட்டுடும், நாங்க திரும்ப எடுக்கணும்.

பதில் 2:
எனக்கு எடுத்தாங்க. கன்னத்துல ரப்பர் பேண்ட் சுண்டி விட்ட மாதிரி இருக்கும், கண்ணு தானா சிமிட்டும், எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. முகத்துல கிரீம் எண்ணெய் எதுவும் வேணாம். இந்த நோய்க்கு குடுக்கற பைரிடோஸ்டிக்மின் மாத்திரை ஆரம்பிச்சிருந்தா டெஸ்ட்டுக்கு 12 மணி நேரம் முன்னாடி நிறுத்தச் சொல்வாங்க, டாக்டர கேக்காம நீங்களா நிறுத்தாதீங்க, முழுங்கறதுலயோ மூச்சுலயோ கஷ்டம் இருந்தா சுத்தமா கூடாது. எனக்கு இதுலயும் நார்மல்தான் வந்துச்சு, அப்புறம் சிங்கிள் ஃபைபர் ஈஎம்ஜின்னு, தசை நார தனித்தனியா பாக்கற டெஸ்ட், புருவத்துக்கு மேல மெல்லிசா ஊசி குத்தி லேசா நெத்திய சுருக்கி வச்சுக்கச் சொன்னாங்க. அதுலதான் மாட்டுச்சு.

கேள்வி கேட்டவர்:
மாத்திரை இன்னும் ஆரம்பிக்கல. இந்த நோய காட்டற ஆன்டிபாடி இருக்கான்னு பாக்கற ப்ளட் டெஸ்ட்டும் நெகட்டிவ்தான் சார், அதான் குழப்பமே.

பதில் 1:
கண்ணுல மட்டும் இருக்கறவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்குத்தான் அது பாசிட்டிவா வரும். அதனாலதான் உங்க டாக்டர் முகத்துக்கு போறாரு. முடிஞ்சா சாயங்கால அப்பாயின்ட்மென்ட் கேளுங்க, இமை தொங்கற நேரத்துல டாக்டரும் நேர்ல பாத்த மாதிரி இருக்கும்.