பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது (எலெக்ட்ரிக் கார்)

2021 மாடல் எலெக்ட்ரிக் எஸ்யூவி, 58,000 கி.மீ. ஓடியது, கோவை. இரண்டு மாதமாக 80-இல் போய் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் தடதடவென்று ஆடுகிறது, பெடலும் காலில் துடிக்கிறது. ரீஜெனில் (மோட்டாரே வண்டியை மெதுவாக்கி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது) மட்டும் வேகம் குறைத்தால் ஒன்றுமே இல்லை.

வீல் பேலன்ஸிங், அலைன்மென்ட் முடிந்தது. முன் டிஸ்க் இரண்டையும் லேத்தில் பிடித்துச் சமமாக்கி, புது பேட் போட்டேன். 1,500 கி.மீ. நன்றாக ஓடியது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான். டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் இடது டிஸ்க் 0.12 மி.மீ. ஆடுகிறது, வலது 0.03. ரீஜெனையே நம்பி ஓட்டுவதால் பிரேக்குக்கு வேலை குறைவு. மழையில் நிறுத்தினால் மறுநாளே டிஸ்க்கில் துரு. அதுவும் ஒரு சந்தேகம். சர்வீஸில் டிஸ்க்கை மாற்றச் சொல்கிறார்கள், ஹப்பை (டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பகுதி) தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஆட்டம் டிஸ்க்கிலா, ஹப்பிலா என்று புது டிஸ்க் வாங்கும் முன்பே எப்படி உறுதி செய்வது?