ஏலாக்குறிச்சிக் கத்தோலிக்கப் பங்கின் (ஆலயத்தைச் சார்ந்த இறைமக்கள் சமூகத்தின்) பழைய பதிவேடுகள் குறித்து உதவி தேவை

அன்பர்களுக்கு வணக்கம். அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியிலுள்ள அடைக்கல மாதா ஆலயத்தின் வரலாற்றை எழுதி வருகிறேன். 1710இல் இந்தியா வந்த வீரமாமுனிவர் இவ்வூரைத் திருக்காவலூர் என்று அழைத்துக் கலம்பகமும் பாடிவிட்டதால், அவர் காலத்துக்கு இலக்கியமே சான்றாக நிற்கிறது. சிக்கல் அதற்குப் பின்னர்தான். 1773இல் அவர் சார்ந்த துறவற சபையான இயேசு சபை கலைக்கப்பட்டது முதல், 1899இல் புதுச்சேரியிலிருந்து பிரிந்து கும்பகோணம் மறைமாவட்டம் உருவானது வரையிலான ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் பங்கிலேயே இருக்கின்றனவா, புதுச்சேரிப் பேராயர் இல்லத்தில் இருக்கின்றனவா என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். இன்றைய அன்பியக் கூட்டங்கள் (பங்கிலுள்ள அண்டைக் குடும்பங்கள் சிறு குழுக்களாகக் கூடுவது) எவ்வாறு நடைபெறுகின்றன, தேர்பவனிச் செலவை மக்கள் எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் (எங்கள் ஊரில் இதை வரி என்றே சொல்வோம்) என்பவற்றையும் அப்பங்கைச் சேர்ந்தவர்கள் எழுதினால், கட்டுரை கல்வெட்டோடும் கலம்பகத்தோடும் நின்றுவிடாது. பழைய திருவிழா நோட்டீசுகளின் படங்கள் இருந்தாலும் அனுப்புங்கள்.