பொருள்: இடைத்தங்கல் அடைவா, வாடியா? (வெள்ளிக்குள் வேணும்)

உவர்மலையிலிருந்து:
வணக்கம். வகுப்புக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது, ஒரு சொல்லில் நிக்குது. பிள்ளையள் ஒரு எழுத்துருப் பொதி செய்தவை. மேக்ஃபைலில், அதாவது பொதியைக் கட்டி நிறுவுற கட்டளைகள் எழுதின கோப்பில், நிறுவுற வரி வெறும் 'சிபி -ஆர்', அடைவை (ஃபோல்டரை) உள்ளிருக்கிறதோட நகலெடுக்கிற கட்டளை. முதல்தரம் சரியா விழுந்தது. இரண்டாந்தரம் ஓட்ட, எழுத்துரு அடைவுக்குள்ள இன்னொரு எழுத்துரு அடைவு! போய்ச் சேருற அடைவு முன்னமே இருந்தால் சிபி அதுக்குள்ள கொண்டுபோய் வைக்கும். இல்லாட்டி அந்தப் பெயரிலயே புதிசா உண்டாக்கும். அனுமதியும் 600, சொந்தக்காரர் மட்டும் வாசிக்க எழுதலாம்; மற்றப் பயனருக்கு எழுத்துரு தெரியவே இல்லை. சிபியைத் தூக்கிப்போட்டு, இன்ஸ்டால் கட்டளையை எல்லாரும் வாசிக்கக்கூடிய '-எம் 644' அனுமதியோட போட்டன், தீர்ந்தது. மிச்சம் இதுதான்: பொதி கட்டேக்க கோப்புகள் நேரா யூஎஸ்ஆருக்குள்ள (கணினியில மென்பொருள் நிறுவுற அடைவு) போகாமல், டெஸ்ட்டிர் எண்ட மேக்ஃபைல் மாறி காட்டுற அடைவில முதலில் இறங்கவேணும். அந்த அடைவுக்குத் தமிழ் என்ன? 'தற்காலிக அடைவு' வேண்டாம், பிள்ளையள் கணினியின்ர டெம்ப் அடைவு எண்டு நினைப்பினம். நான் 'இடைத்தங்கல் அடைவு' எண்டு எழுதி வச்சிருக்கிறன்.

நிலாவெளியிலிருந்து:
ஏன் அண்ணை தேடுறியள்? வாடி. சோழகக் காத்துக் காலத்தில கரைவலை இழுத்த மீன் நேரா சந்தைக்கே போகுது? வாடியில இறக்கி, தரம் பிரிச்சு, ஐஸ் போட்டு, பெட்டி அடுக்கித்தான் லொறி ஏத்துறது. உங்கட டெஸ்ட்டிரும் அதுதானே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருமலை நகர்:
தம்பி, உவமை அழகு. ஆனால் வாடி வடசொல். அடைத்த நிலத்தை வடமொழியில் 'வாடீ' என்பர். நம்மிடம் வீட்டு முற்றத்தைக் குறிக்கும் 'முன்றில்' இருக்கிறது. இல்லின் முன் என்பது முன்பின்னாக மாறி, இடையில் றகரம் தோன்றி முன்றில் ஆயிற்று, இலக்கணப் போலி. நிறுவுமுன் கிடக்குமிடம் 'நிறுவுமுன்றில்'. இந்த றகரத்துக்கென்றே தொல்காப்பியர் ஒரு நூற்பா செய்திருக்கிறார். அதுபற்றித் தனியே எழுதுகிறேன்.

நிலாவெளியிலிருந்து:
ஐயா, வாடிவாசலும் வடசொல்லே? காளை அவிழ்க்கமுன் நிக்கிற இடம். இதைவிடப் பொருத்தம் வேற என்ன! வடசொல்லாவே இருக்கட்டும், நாலு வகைச் சொல்லில அதுக்கும் ஒரு இடம் தந்தது உங்கட தொல்காப்பியர்தானே.

கிண்ணியாவிலிருந்து:
பொருத்தம் சரி தம்பி. 'வாடி' எண்டு கரும்பலகையில எழுதிப்போட்டு என்ர பத்தாம் வகுப்புப் பொம்பிளைப் பிள்ளையளை நீங்க வந்து அடக்குங்க. பின்வரிசைப் பொடியன்மார் விடுவாங்களா? 'நிறுவுமுன்றில்' எண்டால் சிரிக்க மாட்டாங்க, நித்திரைதான்.

நிலாவெளியிலிருந்து:
நானா, மரம் விக்கிற மரவாடிப் பெயர்ப்பலகையைப் பார்த்து ஆர் சிரிக்கிறது? சேர்த்து 'வாடியடைவு' எண்டு எழுதுங்கோ.

உவர்மலையிலிருந்து:
அச்சகத்தில இருந்து ரெண்டுதரம் கோல் வந்திட்டுது. ஒருத்தரும் பெரிசா எதிர்க்காதது எண்டு 'இடைத்தங்கல் அடைவு'தான் போட்டிருக்கிறன். அடிக்குறிப்பில 'வாடியடைவு எனவும் வழங்கும்'. அது வழங்கத் தொடங்கி ரெண்டு நாள்தான் ஆகுது, மன்னியுங்கோ.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருமலை நகர்:
தங்குதல் உயிருள்ளவை செய்வது. கோப்பு கிடக்கும். இரண்டாம் பதிப்பிலாவது 'இடைக்கிடப்பு' என்று திருத்துக. றகர மடல் நாளை.