கெர்பலுக்கு வீட்ல செஞ்ச கன்ட்ரோல் பேனல்: சுவிட்ச் 'ஆன்'ங்குது, கேம் 'ஆஃப்'ங்குது

கோணல்ஆர்பிட்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க சும்மா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப மாட்டிக்கிட்டதால எழுதுறேன். ராக்கெட் கட்டி விண்வெளிக்கு ஓட்டுற கேம் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் இருக்கே, அதோட முதல் பாகத்துக்கு ஒரு காக்பிட் பேனல் கட்டிட்டு இருக்கேன். பேனல்னு சொன்னா பெருசா நினைச்சுக்காதீங்க, மிக்சி வந்த அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு 14 டாகிள் சுவிட்ச் சொருகி உள்ள ப்ரோ மைக்ரோன்னு புரோகிராம் பண்ணக்கூடிய ஒரு குட்டி போர்டு வச்சிருக்கேன், அது கம்ப்யூட்டருக்கு கீபோர்டு மாதிரி தெரியும், எஸ்ஏஎஸ் (கப்பலை ஆடாம நிறுத்தி வைக்கிறது) சுவிட்சை தட்டினா 'டி' கீ போகும், ஆர்சிஎஸ்க்கு (கப்பலை திருப்ப, நகர்த்த உதவுற குட்டி ஜெட்டுகள்) 'ஆர்', லேண்டிங் கியருக்கு 'ஜி', லைட்டுக்கு 'யு'. சுவிட்ச் எல்லாம் ரிட்சி ஸ்ட்ரீட்ல ஒரு மதியம் முழுக்க அலைஞ்சு வாங்கினது.

முதல் நாள் சூப்பரா இருந்துச்சு. ரெண்டாம் நாள் பாத்தா பேனல்ல எஸ்ஏஎஸ் மேல இருக்கு, கேம்ல ஆஃப். திருப்பி தட்டினா பேனல்ல கீழ, கேம்ல ஆன். குவிக் லோட் பண்ணி சேவ் பண்ணின இடத்துக்கு திரும்பிப் போனா இன்னும் மோசம், ஒரு கப்பல்ல இருந்து இன்னொரு கப்பலுக்கு மாறினா சொல்லவே வேணாம். நேத்து கேம்ல இருக்கிற மன் நிலாவுல இறங்குறப்ப கியர் விரிஞ்சிருக்குன்னு சுவிட்சை பாத்து நம்பி கால் மடக்கின நிலையிலயே போய் உக்காந்தேன், இன்ஜின் மொத்தமும் காலி. சுவிட்சை மாத்தணுமா, போர்டுல எழுதின புரோகிராம் கோடை மாத்தணுமா? வயரிங் தப்பா இருக்குமோன்னு எல்லா சால்டரும் ஒரு தடவை திருப்பி வச்சாச்சு.

மின்னல்_கை:

ப்ரோ வயரிங்ல ஒண்ணும் தப்பில்ல, சால்டரை விட்ருங்க பாவம். கீபோர்டுங்கறது ஒரு பக்கம் மட்டும் பேசுற ஆளு. நீங்க 'டி'ன்னு கத்துறீங்க, கேம் இருந்த நிலையை மாத்திப் போடுது, அவ்ளோதான், இப்ப ஆனா ஆஃபான்னு உங்க போர்டுக்கு யாரும் திருப்பிச் சொல்றதில்ல. டாகிள் சுவிட்சு அடிக்கிறப்ப உள்ள தகடு சில மில்லிசெகண்ட் துள்ளும், அதுல ரெண்டு 'டி' போயிட்டாலே தலைகீழா ஆயிடும். துள்ளலை கோடுல 30 மில்லிசெகண்ட் காத்திருந்து சரி பண்ணிடலாம், ஆனா லோட் பண்றப்ப வர்ற குழப்பம் அதுல போகாது.

கெர்பல் சிம்பிட்னு ஒரு மாட் இருக்கு, கேமோட சேத்துக்கற கூடுதல் புரோகிராம், கூடவே ஆர்டுயினோ வகை போர்டுகளுக்கு அதோட லைப்ரரியும் இருக்கு. அது யூஎஸ்பி சீரியல் வழியா ரெண்டு பக்கமும் பேசும். கப்பலோட உயரம், அப்போஆப்சிஸ் (சுத்துப்பாதையில ரொம்ப உயரமான இடம்), பெரிஆப்சிஸ் (ரொம்ப தாழ்வான இடம்), எரிபொருள், எந்த ஆக்‌ஷன் ஆன்ல இருக்கு எல்லாம் போர்டுக்கே வரும். கீபோர்டு வேஷமே வேணாம். பின் பத்தலைன்னா ஆர்டுயினோவுலயே பெரிய போர்டு மெகா 2560 எடுத்துக்கங்க, 54 டிஜிட்டல் பின், 16 அனலாக். ஒண்ணு மட்டும், சிம்பிட் ஓடுற அதே சீரியல்ல உங்க டீபக் வரியெல்லாம் ப்ரின்ட் பண்ணாதீங்க, சீரியல் மானிட்டரையும் மூடிட்டு கேமை திறங்க. நான் இது தெரியாம ஒரு ஞாயித்துக்கிழமையை தொலைச்சேன்.

வெறும்கீபோர்டு:

தப்பா எடுத்துக்காதீங்க, இதுக்கு பேசாம ஒரு நல்ல ஜாய்ஸ்டிக் வாங்கிடலாமே? நான் 800 மணி நேரம் கீபோர்டுலயே ஆடிருக்கேன், கேம்ல நிலாவுக்கும் போயாச்சு டியூனா கிரகத்துக்கும் போயாச்சு.

பழைய_பேனல்:

போயிருப்பீங்க தம்பி, யாரு இல்லேன்னா. அவர் கேக்கறது அது இல்லையே.

கோணல், மின்னல் சொன்னது சரி, சிம்பிட்டுக்கு மாறுங்க. ஆனா மாறினாலும் பாதி பிரச்சனைதான் தீரும், ஏன்னா டாகிள் சுவிட்சோட கைப்பிடி மேலயே நின்னுக்கும், அதை கேம் வந்து கீழ தள்ள முடியாது. போர்டுக்கு உண்மை தெரியும், உங்க கண்ணுக்குத் தெரியாது. மன்ல நீங்க விழுந்தது கண்ணாலதான்.

இந்த தொல்லை நிஜ விண்கலத்துலயே இருந்தது. அப்பல்லோவுல ஆர்சிஎஸ் எரிபொருள் வால்வுக்கு வச்ச சுவிட்ச் மேலயோ கீழயோ நிக்காது, தள்ளிட்டு விட்டா ஸ்பிரிங் நடுவுக்கே கொண்டாந்துடும். அதுக்கு மேல சின்னதா ஒரு ஜன்னல், அதுல சாம்பல் நிறம் தெரியும், இல்லேன்னா சாய்கோடு போட்ட பட்டை தெரியும். மேல்நாட்டு சலூன் வாசல்ல சுத்துமே ஒரு கம்பம், அது மாதிரி இருக்கிறதால பார்பர் போல்னு பேரு. மொத்த ஜன்னலுக்கும் டாக்பேக்னு சொல்லுவாங்க, ஷட்டில்லயும் இதே பழக்கம் தொடர்ந்தது. சுவிட்ச் நீங்க கேட்டதை அனுப்புது, வால்வு இப்ப எப்படி நிக்குதுன்னு ஜன்னல் காட்டுது, ரெண்டும் வேற வேற வேலை. 1969 மார்ச்ல அப்பல்லோ 9 ராக்கெட்டோட மேல்நிலையில இருந்து பிரிஞ்சப்ப அந்த வால்வுகள்ல சிலது தானா மூடிக்கிச்சு. யாரும் சுவிட்சை தொடல. கப்பல் ஒரு பக்கம் நகர மாட்டேங்குதுன்னு ஆளுங்க முழிச்சாங்க, அப்புறம் வால்வை திறந்ததும் சரியாச்சு. அங்க மேலயோ கீழயோ நிக்கிற சாதா டாகிள் வச்சிருந்தா அது 'திறந்திருக்கு'ன்னே பொய் சொல்லிட்டு இருந்திருக்கும், உங்க கியர் சொன்ன மாதிரி.

அதனால எஸ்ஏஎஸ், ஆர்சிஎஸ், லைட், கியர், பிரேக் எல்லாத்துக்கும் அமுக்கினா திரும்பி வர்ற பட்டன், இல்லேன்னா நடுவுக்கு திரும்புற டாகிள் போடுங்க. கடையில மொமென்டரின்னு கேட்டா குடுப்பாங்க, கேக்காம வாங்கினா நிக்கிற வகைதான் வரும். ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு எல்இடி. அந்த எல்இடியை உங்க சுவிட்சை பாத்து எரிய விடவே கூடாது, கேம்ல இருந்து ஆக்‌ஷன் ஸ்டேட்டஸ் மெசேஜ் வந்தா மட்டும் எரியணும். இந்த ஒரு ஒழுங்கை விட்டா பழைய கதைதான். அமுக்கிட்டோமே, எரிஞ்சா என்னன்னு கை அரிக்கும், கோடுல ஒரு வரிதானேன்னு தோணும், செய்யாதீங்க.

வாங்கி வச்ச டாகிளை தூக்கிப் போட வேணாம். கேமுக்கே தெரியாத வேலைகளுக்கு அதை வைங்க. ஸ்டேஜ் ஆர்ம் (ராக்கெட் அடுக்கை கழட்டுற பட்டனுக்கு பூட்டு), அபார்ட் ஆர்ம் (ஆபத்துல பயணத்தை கைவிடுற பட்டனுக்கு பூட்டு). டாகிள் மேல இருந்தாத்தான் ஸ்டேஜ் பட்டன் வேலை செய்யும்னு போர்டுக்குள்ளயே முடிச்சிடலாம், அங்க பொய் சொல்ல வாய்ப்பே இல்ல ஏன்னா அந்த நிலை சுவிட்சுக்குள்ளதான் இருக்கு. சிவப்பு மூடி போட்ட சுவிட்ச் ஆசை இருந்தா இங்க தீத்துக்கங்க, அது 12 மிமீ ஓட்டை கேக்கும், சின்ன டாகிளுக்கு 6 மிமீ போதும்.

சுவிட்ச் வரிசைக்கு ரெண்டு பக்கமும் ஒரு வளைஞ்ச கம்பி வச்சிடுங்க, முழங்கை படாது. அப்பல்லோ 11ல நிலாவுல இறங்கின கலமான ஈகிள் உள்ள, மேல கிளம்புற அசென்ட் இன்ஜினை ஆர்ம் பண்ற சர்க்யூட் பிரேக்கர் முனை உடைஞ்சு போய், ஆல்ட்ரின் ஒரு ஃபெல்ட் பேனா முனையால அமுக்கித்தான் நிலாவுல இருந்து கிளம்பினாங்க. அவங்க போட்டிருந்த முதுகுப்பை இடிச்சிருக்கும்னு சொல்லுவாங்க. உங்க வீட்ல பூனை இருந்தா அதே கதி.

கோணல்ஆர்பிட்:

சார் பூனை இருக்கு. எப்படி கண்டுபிடிச்சீங்க.

ரொம்ப நன்றி. மெகா வாங்கிட்டேன், சிம்பிட் பேசுது, எல்இடி கேம் சொல்றப்ப மட்டும் எரியுது. குவிக் லோட் பண்றப்ப வரிசையா எல்இடி தானா மாறுறதை பாக்கவே அஞ்சு தடவை லோட் பண்ணேன், அம்மா வந்து என்னடா சீரியல் லைட் போட்ருக்கேன்னு கேட்டாங்க.

இப்ப புதுசா ரெண்டு தொல்லை. எட்டு இலக்க 7 செக்மென்ட் டிஸ்ப்ளே ஒண்ணு, மேக்ஸ்7219 சிப்போட, உயரம் காட்ட வச்சேன். கிளம்பி 32 கிலோமீட்டர் வரைக்கும் ஒழுங்கா ஏறுது, அப்புறம் திடீர்னு மைனஸ்ல போகுது, பூமிக்குள்ள தோண்டிட்டு போற மாதிரி. இன்னொண்ணு த்ராட்டில், இன்ஜின் வேகத்தை கூட்டிக் குறைக்கிறது. ஸ்லைடு பாட் (தள்ளுற பொட்டென்ஷியோமீட்டர்) ஒண்ணு போட்டிருக்கேன், கையை எடுத்தாலும் எண் நடுங்குது, டிஸ்ப்ளேயும் பேனல் பேக்லைட்டும் எரியுறப்ப அதிகமா நடுங்குது. அதோட பாட்டை பாதி தள்ளினா த்ராட்டில் பாதிக்கு வரல, கடைசி கொஞ்சத்துலதான் ஒரேடியா ஏறுது.

மின்னல்_கை:

மைனஸ்ல போறது 32,767ஐ தாண்டினதும்தானே? அதான். கோடுல முழு எண்ணுக்கு இன்ட்னு போட்டா மெகாவுல அது 16 பிட், அதுக்கு மேல தாங்காது. பெரிய எண்ணுக்கான லாங் போடுங்க. எட்டு இலக்கம் கேமோட இன்னொரு நிலா மின்மஸ் வரைக்கும் போதும், அது 47,000 கிலோமீட்டர் தூரம், மீட்டர்ல சரியா எட்டு இலக்கம். ஆனா சிம்பிட் உயரத்தை ஃப்ளோட்டா (தசம எண்ணா) அனுப்பும், ஃப்ளோட் 1,67,77,216க்கு மேல ஒவ்வொரு மீட்டரையும் துல்லியமா வச்சுக்காது, அதனால அங்க கடைசி இலக்கம் ஆடினா போர்டை சந்தேகப்படாதீங்க. மின்மஸ் தாண்டினா கிலோமீட்டர்ல காட்டிட்டு ஒரு புள்ளியை எரிய விடுங்க.

கரையோரன்:

தம்பி, த்ராட்டில் கதை எனக்கு நல்லாத் தெரியும், நானும் இதில கிடந்து முறிஞ்சனான். முதல்ல உங்கட பாட்டில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா பாருங்கோ. ஏ10கே எண்டு இருந்தா அது ஓடியோவுக்கு, சத்தம் கூட்டிக் குறைக்கிறதுக்கு செய்த லொக் (லொகரிதம்) வகை, நடுவில வைச்சாலும் பாதி வராது. உங்களுக்கு பி10கே வேணும், அதுதான் நேரா ஏறும். கடைக்காரன் 10கே எண்டு கேட்டா கையில கிடைக்கிறதைத் தருவான். கொழும்பில முதலாம் குறுக்குத் தெருவில நான் ரெண்டு தரம் ஏமாந்தனான், பிழை கடைக்காரன்ர இல்லை, என்ர.

நடுக்கம் வேற விசயம். டிஸ்ப்ளே, பேக்லைட், பாட் எல்லாத்தின்ர கிரவுண்டையும் ஒரே மெல்லிய வயரில கொண்டு போறீங்களோ? அந்த வயருக்கு 0.1 ஓம் எண்டு வைப்பம், அதால 300 மில்லிஆம்ப் போனா 30 மில்லிவோல்ட் ஏறும். 5 வோல்ட்டை மெகா 1024 படியாப் பிரிக்குது, ஒரு படி கிட்டத்தட்ட 5 மில்லிவோல்ட். அப்ப 6 படி சும்மா ஆடும். மேக்ஸ்7219 ஒவ்வொரு இலக்கமா மாத்தி மாத்தி வேகமா எரிக்கிறதால அந்த ஓட்டமும் சீரா இருக்காது, அதுதான் நடுங்குது. பாட்டின்ர கிரவுண்டை தனி வயரில நேரா மெகாவுக்குக் கொண்டு வாங்கோ, பேக்லைட்டுக்கு வேற 5 வோல்ட் சப்ளை குடுங்கோ, ரெண்டு சப்ளையின்ர கிரவுண்டும் போர்டுக்குக் கிட்ட ஒரு இடத்தில மட்டும் சேரட்டும். பாட்டின்ர நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில 0.1 மைக்ரோஃபரட் ஒண்டு வையுங்கோ.

பிறகும் ஆடினா கோட்டில எட்டுத் தரம் வாசிச்சு சராசரி எடுங்கோ. ரெண்டு முனையிலயும் கொஞ்சம் விட்டு வெட்டுங்கோ, 15க்குக் கீழ எல்லாம் சுழியம், 1010க்கு மேல எல்லாம் முழு த்ராட்டில். இல்லாட்டி இஞ்சின் நிப்பாட்டினது எண்டு நீங்க நினைப்பீங்க, அது ஒரு சதவீதத்தில எரிஞ்சுகொண்டு இருக்கும்.

வெறும்கீபோர்டு:

சும்மா கேக்கறேன், அட்டைப்பெட்டிக்கு பதிலா எதுல செய்யலாம்? எனக்கு இல்ல, சும்மா.

பழைய_பேனல்:

சும்மாவே சொல்றேன் தம்பி. போர்டு எழுதுற கடையில ஏசிபி ஷீட் வெட்டின துண்டு கிடக்கும், கேட்டா எடைக்கு குடுத்துடுவாங்க. ரெண்டு பக்கம் அலுமினியத் தோல், நடுவுல பிளாஸ்டிக், 3 மிமீ. ட்ரில் போட்டா அக்ரிலிக் மாதிரி விரியாது. ஆனா முதல்ல அட்டையில செஞ்சு ஒரு வாரம் ஆடிப் பாக்காம ஏசிபியை தொடாதீங்க, கை எங்க போகுதுன்னு அப்பத்தான் தெரியும். சோயுஸ்லயும் அப்பல்லோவுலயும் இடது கையில நகர்த்துற கைப்பிடி, வலது கையில திருப்புற கைப்பிடி, நான் அதை மதிக்காம மாத்தி வச்சுட்டு டாக்கிங்ல ஒரு மாசம் திண்டாடினேன்.

கோணல்ஆர்பிட்:

கரையோரன் அண்ணா, பாட்டை கழட்டிப் பாத்தேன். ஏ10கே. பி10கே மாத்தியாச்சு, கிரவுண்ட் தனியா இழுத்தாச்சு, நடுக்கம் ரெண்டு படிக்கு வந்துடுச்சு, சராசரி போட்டதும் அதுவும் நின்னுடுச்சு.

நேத்து ராத்திரி மன்ல இறங்கினேன். 2,000 மீட்டர்ல கியர் பட்டனை அமுக்கினேன், எல்இடி எரியல. திருப்பி அமுக்கினேன், எரியல. பட்டன் வயர் பிஞ்சிருச்சோன்னு கையை உள்ள விடப் போனவன், எதுக்கும் இருக்கட்டும்னு கப்பலை பாத்தா அந்த லேண்டர்ல நான் கால் வைக்கவே மறந்திருக்கேன்.