குண்டுமல்லி இலையாகத் தழைக்கிறது, பூ மட்டும் இல்லை. என்ன செய்யலாம்?

செல்வி தாம்பரம் | டிசம்பர் முதல் வாரம்

வணக்கம். எங்கள் வீடு மேற்கு தாம்பரத்தில், அடுக்குமாடியின் இரண்டாவது தளம். கிழக்குப் பார்த்த பால்கனியில் ஒரு குண்டுமல்லித் தொட்டி இருக்கிறது. போன வருடம் கோடையில் நர்சரியிலிருந்து வாங்கி வந்தபோது மொட்டும் பூவுமாக இருந்தது. அந்தப் பூ உதிர்ந்த பிறகு, சொல்லிக்கொள்ளும்படி எதுவும் பூக்கவில்லை.

செடி நன்றாக வளர்கிறது, அதில் குறையே இல்லை. கரும்பச்சை இலை. நீள நீளமாகக் கொடி விட்டு ஜன்னல் கம்பியைச் சுற்றிக்கொண்டு போகிறது. வாரம் ஒருமுறை கடலைப்புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் ஊற்றுகிறேன், அரிசி கழுவிய தண்ணீரும் தினமும் போகிறது. ஆகஸ்டில் கொஞ்சம் மொட்டு வைத்தது. அதுவும் ஊதா நிறமாகி, விரியாமலே உதிர்ந்துவிட்டது. இப்போது நுனியில் வரும் புது இலைகள் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் தெரிகின்றன. எங்களுக்கு போர்த் தண்ணீர்தான், வாளியில் வெள்ளையாகப் படியும்.

என் மாமியாருக்கு ஊர் மதுரைப் பக்கம். மல்லியைத் தொட்டியில் அடைத்தால் பூக்காது, மண்ணில் வைத்தால்தான் பூக்கும் என்கிறார். தினமும் சாமி படத்துக்கு வீட்டுப் பூவாக ஒரு முழம் கட்ட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. நர்சரியில் கேட்டால் மாதம் இரண்டு ஸ்பூன் டி.ஏ.பி. உரம் போடச் சொல்கிறார்கள். தொட்டியில் நிஜமாகவே மல்லி பூக்காதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம் ரவி

தொட்டியில் தாராளமாகப் பூக்கும். எங்கள் தெருவிலேயே பெயின்ட் வாளியில் வைத்துப் பூப் பறிக்கிறார்கள். உங்கள் பால்கனிக்கு எத்தனை மணி வரை வெயில் வருகிறது? மல்லிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மஞ்சள் இலைக்குப் புளித்த மோர் ஊற்றிப் பாருங்கள். டி.ஏ.பி.யும் போடலாம், பூ பிடிக்கும் என்று சொல்வார்கள்.

செல்வி தாம்பரம்

நன்றி அண்ணா. காலையில் ஒன்பதரை வரைதான் வெயில். அப்புறம் எதிர் பிளாக்கின் நிழல் விழுந்துவிடும்.

பூக்காடு முருகேசன்

உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்குப் பூக்காடு இருக்கிறது. அப்பா காலத்திலிருந்தே மல்லிதான். மதுரையில் இருக்கும் என் வீட்டு மொட்டை மாடியிலும் தொட்டிகளில் வைத்திருக்கிறேன். அதனால் முதலில் அத்தைக்குத் தைரியம் சொல்லிவிடுங்கள்: தொட்டி மல்லி பூக்கும். வாய் அகலம் 14 அங்குலம் இருக்கிற தொட்டியாக, அடியில் தண்ணீர் தங்காமல் வடிகிற மாதிரி இருந்தால் போதும்.

உங்கள் செடியில் நோய் என்று பெரிதாக எதுவும் தெரியவில்லை. அதற்குப் பூக்கிற வேலையே வரவில்லை, அவ்வளவுதான். குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய தண்டில் எவ்வளவு இலை இருந்தாலும் பூ வராது. நீங்கள் சொல்கிற அந்த நீளக் கொடி, வெளிச்சத்தைத் தேடி ஓடுகிற கொடி. புண்ணாக்கில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) அதை இன்னும் ஓட வைக்கிறது. முல்லையைப் பந்தலில் ஏற்றலாம். குண்டுமல்லியைக் குத்துச்செடியாகத்தான் வைக்க வேண்டும்.

ஆகவே வெட்டுங்கள். இதைக் கேட்டால் வீட்டில் செடி வளர்க்கிறவர்களுக்கு மனசு வராது, எனக்குத் தெரியும். ஆசையாக வளர்த்ததை மொட்டையடிப்பதா என்று தள்ளிப்போடுவார்கள். எங்கள் பக்கம் நவம்பர் கடைசி வாரத்தில் காடு முழுக்கக் கவாத்து நடக்கும். தரையிலிருந்து 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி விட்டுவிட்டு மேலே உள்ளது மொத்தமும் போய்விடும். பார்த்தால் வெறும் குச்சிக் காடு. அந்தக் குச்சியிலிருந்துதான் மாசி, பங்குனியில் பூ வரும். உங்களுக்கும் இதுதான் பருவம். தாம்பரத்தில் இப்போது மழை பெய்துகொண்டிருக்கும், அது விட்டு இரண்டு நாள் நல்ல வெயில் அடிக்கிற நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். ஈரத்தோடு வெட்டினால் தண்டு நுனியிலிருந்து கருகிக்கொண்டு இறங்கும்.

எங்கே வெட்டுவது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு தண்டைக் கையில் பிடித்துப் பாருங்கள். இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருக்கும். ஒவ்வொரு ஜோடியின் கக்கத்திலும் கடுகு மாதிரி ஒரு சின்ன முளைப்பு தெரியும். அந்தக் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, கூர்மையான கத்தரிக்கோலால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். ஒரு தண்டு போன இடத்தில் இரண்டு துளிர் வரும். ஒவ்வொரு துளிரும் சில ஜோடி இலை விட்டதும் நுனியில் மொட்டுக் கொத்து வைக்கும். பெரும்பாலும் மூன்று மொட்டு. நடுவில் இருப்பதுதான் பெரிது, முதலில் விரிவதும் அதுதான். காய்ந்த குச்சி, உள்பக்கம் ஒன்றோடொன்று உரசுகிற கிளை, பென்சிலை விட மெலிந்த கொடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் இலைகளையும் உருவிவிடலாம்.

அடுத்தது வெயில். ரவி தம்பி சொன்னது ரொம்பச் சரி. காலை ஒன்பதரை வரை மட்டும் வரும் வெயிலை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன உரம் போட்டாலும் இலைதான் கிடைக்கும். கவாத்து செய்த கையோடு தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். குடியிருப்போர் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தரை ஈரமாகிறது என்பார்கள், அடியில் செங்கல் வைத்து அதன்மேல் தட்டு வைத்தால் ஒத்துக்கொள்வார்கள்.

உரத்தில் மட்டும் தம்பியோடு நான் ஒத்துப்போக மாட்டேன். டி.ஏ.பி.யில் தழைச்சத்து 18 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 46 சதவீதம், சாம்பல்சத்து (பொட்டாஷ்) சுத்தமாக இல்லை. மல்லிக்கோ சாம்பல்சத்து நிறைய வேண்டும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் காட்டுக்குச் சொல்கிற அளவைப் பாருங்கள்: ஒரு செடிக்கு வருடத்துக்குத் தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120. கவாத்து முடிந்ததும் பாதி, ஜூன் ஜூலையில் பாதி. தழையை விடச் சாம்பல்சத்து இரண்டு மடங்கு. தொட்டிக்கு இந்த அளவைப் போட்டுவிடாதீர்கள், வேர் வெந்துபோகும். மேல்மண்ணை நாலு விரல் ஆழத்துக்குக் கிளறி எடுத்துவிட்டு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ இரண்டு கை நிறையப் போட்டு மூடுங்கள். துளிர் வந்த பிறகு மாதம் ஒருமுறை ஒரு டீஸ்பூன் சல்பேட் ஆஃப் பொட்டாஷைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். சாதாரண பொட்டாஷ் வேண்டாம். அதில் குளோரைடு இருக்கிறது, உங்கள் தண்ணீர் ஏற்கெனவே உப்பு. புண்ணாக்குத் தண்ணீரை மாதம் ஒன்றாகக் குறைத்துவிடுங்கள்.

மஞ்சள் இலை வேறு விஷயம். புது இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. மண்ணில் இரும்பு இருந்தாலும் உங்கள் போர்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு அதைச் செடி எடுக்கவிடாமல் கட்டிவைத்துவிடும். டி.ஏ.பி.யைக் கூடுதலாகப் போட்டால் இன்னும் இறுக்கும், நான் வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். அடுப்புச் சாம்பலும் இந்தத் தொட்டிக்கு ஆகாது. மோர் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. அன்னபேதி வாங்குங்கள். உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட் என்று கேளுங்கள். இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும், துரு நிறத்துக்கு மாறியிருந்தால் வாங்காதீர்கள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சாயங்காலம் இலை நனையத் தெளியுங்கள். பச்சை திரும்பும் வரை மாதம் ஒருமுறை போதும். சுவரில் பட்டால் கறை போகாது, கவனம். கவாத்துக்குப் பிறகு வரும் புது இலையைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். இப்போது மொட்டை மாடியில் விழுகிற மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்து ஊற்ற முடிந்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை.

ஊதா மொட்டுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். அடுத்த முறை வந்தால் ஒரு மொட்டைப் பிய்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வைகைக்கரை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தச் செடியோடு மல்லுக்கட்டுவதை விட, ராமநாதபுரம் குண்டுமல்லி நாற்று வாங்கி வைக்கலாமே? ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்து நாற்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மதுரைக்கே அங்கிருந்துதான் வருகிறது.

பூக்காடு முருகேசன்

உண்மைதான், எங்கள் காட்டில் இருப்பதும் தங்கச்சிமடம் பதியன்தான். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கு நாற்று பெரும்பாலும் ராமேஸ்வரம் தீவிலிருந்துதான் போகிறது. ஆனால் இந்தச் செடி நன்றாக இருக்கிறது, வேரும் பிடித்திருக்கிறது. இதைத் தூக்கிப்போட வேண்டிய அவசியம் இல்லை. புது நாற்று வாங்கினாலும் அந்த நிழல் பால்கனியில் வைத்தால் இதே கதைதான்.

செல்வி தாம்பரம் | மார்ச் கடைசி

எல்லோருக்கும் வணக்கம். முருகேசன் அண்ணா சொன்ன மாதிரியே மழை விட்டதும் வெட்டினேன், தொட்டி மாடிக்குப் போய்விட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க வெயில். பொங்கல் சமயத்தில் எல்லாக் கணுவிலும் துளிர் வந்தது. அன்னபேதி தெளித்த பிறகு இலையின் மஞ்சள் போய்விட்டது. இந்த மாதம் நீங்கள் சொன்னபடி மூன்று மூன்றாக மொட்டு! அத்தை மாடிக்கு ஏறி வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

ஆனால் பாதி மொட்டு மறுபடியும் ஊதாவாகிறது. அடிப்பக்கம் உப்பலாக இருக்கிறது. பிய்த்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக, ரொம்பச் சின்னப் புழுக்கள். காகிதத்தில் கொட்டியதும் ஒன்றிரண்டு துள்ளிக் குதித்தன. மொட்டில் வெளியே ஓட்டை எதுவும் இல்லை.

பூக்காடு முருகேசன்

நல்ல செய்தி சகோதரி. அத்தை மாடி ஏறினார் என்பதைப் படித்ததும் எனக்கே சந்தோஷமாக இருக்கிறது.

நீங்கள் பார்த்ததை வைத்தே சொல்லிவிடலாம். இது மொட்டு ஈ. மொட்டுப்புழு என்றால் ஓட்டை போட்டிருக்கும், பக்கத்து மொட்டுகளை நூலாம்படை மாதிரி சேர்த்துக் கட்டியிருக்கும், உள்ளே ஒரு புழுதான் பச்சையாக நெளியும். உங்களுடையது கொசுவை விடச் சின்ன ஈயின் புழு. மொட்டின் அடியில் இருந்து தின்னும். முற்றியதும் துள்ளிக் கீழே விழுந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். அங்கிருந்து ஈயாகி மறுபடியும் மேலே வந்து அடுத்த மொட்டில் முட்டை வைக்கும். இந்தச் சுற்று முடிய மூன்று, நான்கு வாரம் ஆகும்.

அதனால் மருந்தைத் தேடுவதற்கு முன்னால் மண்ணைக் கவனியுங்கள். ஊதா மொட்டு ஒன்றுகூடச் செடியிலும் இருக்கக் கூடாது, கீழேயும் கிடக்கக் கூடாது. தினமும் பொறுக்கி பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயிலில் காயவைத்துக் குப்பைக்கு அனுப்புங்கள். உரத்தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்து, புது மண் போடுங்கள். தொட்டி வாயில் பழைய பருத்தித் துணியை இரண்டாக மடித்து, தண்டைச் சுற்றி இடைவெளி இல்லாமல் விரித்துக் கட்டுங்கள். விழுகிற புழு மண்ணுக்குள் போக முடியாது, உள்ளே இருப்பது ஈயாகி வெளியே வரவும் முடியாது. தண்ணீரைத் துணி மேலேயே ஊற்றலாம். ஒரு சுற்று முடிகிற வரை, அதாவது ஒரு மாதத்துக்கு, இதை விடாமல் செய்ய வேண்டும்.

தெளிப்பதற்கு வேப்பங்கொட்டைக் கரைசல். கொட்டைக்குள் இருக்கும் பருப்பை 50 கிராம் இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, அன்று சாயங்காலமே தெளித்துவிடுங்கள். மொட்டு மிளகு அளவு இருக்கும்போதே தெளிக்க வேண்டும், உள்ளே புழு போன பிறகு தெளித்துப் பயன் இல்லை. கடை விஷமருந்து எதுவும் வேண்டாம். சாமிக்கும் தலைக்கும் போகிற பூ, வீட்டுக்குள் கட்டுகிற பூ.

பக்கத்துத் தொட்டியில் செம்பருத்தி, தக்காளி, கத்தரி இருக்கிறதா? அவற்றின் மொட்டிலும் இந்த ஈ தங்கும். இருந்தால் அங்கேயும் உதிர்ந்ததைப் பொறுக்குங்கள்.

நல்ல மொட்டை வெயில் ஏறுவதற்கு முன்பே பறித்துவிடுங்கள். வெள்ளையாகி, விரியாமல் குண்டாக இருக்கிற பருவம்தான் கட்டுவதற்குச் சரி, சாயங்காலம் தானாக விரியும். ஒரு கொத்து முழுக்கப் பறித்து முடிந்ததும் அதற்குக் கீழே இரண்டு ஜோடி இலையோடு நுனியைக் கிள்ளிவிடுங்கள். அடுத்த துளிர் அங்கிருந்து கிளம்பும்.

மாடித்தோட்டம் ரவி

அண்ணா, எங்கள் வீட்டில் முல்லையும் பிச்சியும் இருக்கின்றன. அவற்றுக்கும் நவம்பரில்தான் கவாத்தா?

பூக்காடு முருகேசன்

இல்லை தம்பி. பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். இந்த வருடம் தாண்டிவிட்டது, இப்போது காய்ந்த குச்சியை மட்டும் எடுங்கள். பூ வருகிற நேரத்தில் அடியோடு வெட்டிவிடாதீர்கள்.