ஸ்பெயின் முற்றம் கீழக்கரையில் எடுபடுமா? மாணவர் களப்பயணத்துக்கு யோசனை வேண்டும்

ஸ்டுடியோ_ராம்நாடு:
மூன்றாம் ஆண்டு கட்டடக்கலை மாணவர்கள் 30 பேர். ஸ்டுடியோ வேலை: கீழக்கரையில் மீன் விற்கும் பெண்களுக்கு ஓய்வுக்கூடம். கிரனாடா, கோர்டோபா, செவில் மூன்று ஊர்களுக்கும் களப்பயணம் ஏற்பாடாகிறது. அதற்குள்ளேயே பாதிப் பேர் நடுமுற்றம், நீர்த்தொட்டி, நீரூற்று, சுற்றிலும் வளைவுத் தாழ்வாரம் என்று வரைந்துவிட்டார்கள். கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையில் குளிர்கிறது, இங்கே ஏன் குளிராது என்று கேட்கிறார்கள். போவதற்கு முன் இங்கே எதை அளக்கச் சொல்லலாம்? அங்கே எதைக் கவனிக்க வைக்கலாம்?

கச்சான்:
முதலில் நீரூற்றை முடித்துவிடுவோம் சார். கிரனாடாவில் கோடைப் பிற்பகல் 36 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது நீர் ஆவியாவதால் காற்று இறங்கக்கூடிய கடைசி எல்லை, 21.5 அளவில் வரும். நீர் ஆவியாகிக் குளிர்விக்க 14 டிகிரிக்கு மேல் இடம் இருக்கிறது. கீழக்கரையில் 34 டிகிரி, 65 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 28.5. இடைவெளி வெறும் ஐந்தரை. அதில் 70 சதவீதம் எட்டினாலும் காற்று 30 டிகிரிக்குத்தான் இறங்கும். ஈரப்பதமோ 90ஐத் தொடும். உட்கார்ந்திருப்பவருக்கு வியர்வை காயாது. 34 டிகிரியில் காற்றோட்டமாக இருப்பதே தேவலை என்று எழுந்து போய்விடுவார். இந்தக் கணக்கை மாணவர்களே சைக்ரோமெட்ரிக் சார்ட்டில் (காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் வரைபடம்) போடட்டும், அப்புறம் யாரும் தொட்டி வரைய மாட்டார்கள்.

அடுத்தது இரவு. கிரனாடாவில் ஜூலையில் பகலுக்கும் இரவுக்கும் 16 டிகிரி போல வித்தியாசம். இரவில் முற்றத்துக்குள் இறங்கும் குளிர்காற்றைத் தடித்த சுவர் வாங்கி வைத்துப் பகலில் விடுகிறது. பாம்பன் பக்கம் மே மாதத்தில் அந்த வித்தியாசம் 5–7 டிகிரிதான். இங்கே தடித்த சுவர் இரவில் குளிர முடியாமல் உள்ளே இருப்பவர்களைப் புழுக்கும். இரவில் தூங்கும் இடத்துக்கு எடை குறைந்த கூரையும் எதிரெதிர்த் திறப்பும் போதும்.

மூன்றாவது, யாரும் யோசிக்காதது: சூரியன் நிற்கும் பக்கம். ஜூன் 21 நண்பகலில் கிரனாடாவிலும் கீழக்கரையிலும் சூரிய உயரம் ஏறக்குறைய ஒன்றுதான், 76 டிகிரி. ஆனால் அங்கே தெற்கில், இங்கே வடக்கில். அல்ஹம்ப்ராவில் தெற்குப் பக்கத்தைக் கவனித்தால் போதும். இங்கே வடக்கு, தெற்கு இரண்டுக்கும் இறவாணம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) வேண்டும். டிசம்பர் நண்பகலில் அங்கே 29 டிகிரி, இங்கே 57. ஏப்ரல் 13, 14 வாக்கிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே சூரியன் நேர் உச்சியில். முற்றத்தை எவ்வளவு ஒடுக்கினாலும் அன்று நண்பகல் தரை முழுக்க வெயில்தான். 6 மீட்டர் சுவரும் 4 மீட்டர் அகலமும் வைத்து வெட்டுமுகம் வரையச் சொல்லுங்கள்: ஜூனில் நிழல் ஒன்றரை மீட்டர், டிசம்பரில் கிட்டத்தட்ட 3.85 மீட்டர். மூடி போடுவதா, பந்தல் போடுவதா என்ற விவாதம் அங்கிருந்து தொடங்கினால் பொருள் இருக்கும்.

காரைச்சாந்து:
கீழக்கரையில் வள்ளல் சீதக்காதியோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய ஜும்ஆ பள்ளிவாசலைத் தவறவிடாதீர்கள். கல்தூண், போதிகை (தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கல்), உத்தரம், மேலே தட்டையான கல் கூரை என்று எல்லாம் கோயில் மண்டபத்துக் கைவேலை. கோர்டோபா பெரிய பள்ளிவாசலில் இருப்பது போன்ற குதிரைலாட வளைவு எதுவும் இங்கே கிடையாது. கோர்டோபாவில் கிடைத்த பழைய தூண்கள் குட்டை, அதனால் வளைவின் மேல் வளைவு ஏற்றிக் கூரையை உயர்த்தினார்கள். 785 வாக்கில் தொடங்கிய வேலை. அங்கே முற்றத்தை நோக்கிய வளைவுகள் ஆதியில் திறந்தே இருந்தன. பின்னால் பெரும்பாலானவற்றை அடைத்துவிட்டார்கள். அந்த அடைப்பு இல்லாமல் காற்றும் வெளிச்சமும் எப்படிப் போயிருக்கும் என்று வரைவது நல்ல பயிற்சி.

பள்ளிக்குள் போக ஜமாஅத்திடம் முன்பே அனுமதி வாங்குங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம். மரைக்காயர் வீடுகளில் உள்முற்றத்துப் பக்கம் மாணவிகள் மட்டும் போய் அளக்கட்டும்.

பழைய சுவர்களில் பவளக்கல் தென்படும். பெயர்த்தெடுக்கக் கூடாது. கல்பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மாதிரிக்குக்கூட ஒரு துண்டு வேண்டாம். அந்தச் சுவரின் மேல் சிமென்ட் பூசிய இடத்தைத் தேடிப் பாருங்கள். உப்பு ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைப் பொருக்காகத் தள்ளியிருக்கும். பக்கத்திலேயே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அது மாவாக உதிரும், ஆனால் கல் பிழைத்திருக்கும். நீங்கள் கட்டும் ஓய்வுக்கூடத்தின் பூச்சுக்கும் சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்றுமணல் இரண்டரைப் பங்கு. கடல்மணல் கூடவே கூடாது.

ஸ்டுடியோ_ராம்நாடு:
நன்றி. கருவிகள்? எங்களிடம் ஆறு டேட்டா லாகரும் (வெப்பநிலையைத் தானே பதிந்துகொள்ளும் கருவி) ஒரு அகச்சிவப்பு வெப்பமானியும்தான் இருக்கின்றன.

கச்சான்:
ஆறு போதும். முந்தின இரவு ஆறையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு மூடி வையுங்கள். காலையில் எது அரை டிகிரி தள்ளிக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். அந்தத் திருத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் எடுத்த அளவில் திண்ணைக்கும் முற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் உண்மையா, கருவிக் கோளாறா என்று பிரிக்கவே முடியாது.

தெரு, திண்ணை, முற்றத் தரை, தாழ்வாரம், உள்ளறை, மொட்டைமாடி என்று ஆறு இடம். தரையிலிருந்து 1.1 மீட்டர், 10 நிமிட இடைவெளி, குறைந்தது 48 மணி நேரம். லாகர் மேல் வெயில் படக் கூடாது. வெள்ளைத் தெர்மோகோல் கப்பைக் கவிழ்த்து, பக்கத்தில் துளை போட்டு, அதற்குள் தொங்கவிடுங்கள்.

கதிர்வெப்பம் பார்க்க மேசைப்பந்தில் மங்கல் கறுப்பு பெயின்ட் அடித்து உள்ளே சென்சார் செருகினால் ஏழைகளின் குளோப் தெர்மாமீட்டர் தயார். அகச்சிவப்பு மானி சுண்ணாம்புப் பூச்சில் சரியாகக் காட்டும், பித்தளைப் பிடியிலோ தகரத்திலோ பொய் சொல்லும். சுழற்றும் ஈரக்குமிழ் வெப்பமானி கிடைத்தால் திரிக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும். இந்தக் கரைத் தண்ணீரின் உப்பு திரியில் ஏறினால் ஈரக்குமிழ் கூடுதலாகக் காட்டும், உங்கள் நீரூற்றுக் கணக்கே கெட்டுவிடும்.

காற்றுக்கு ஊதுபத்திப் புகையே நல்லது. விசிறி அனிமோமீட்டர் (காற்றுவேகமானி) மெல்லிய காற்றில் சுற்றவே சுற்றாது. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் கீழக்கரையிலும், வாடை நாளில் தேவிபட்டினத்திலும் ஒருமுறை பார்த்தால் மன்னார் வளைகுடாப் பக்கமும் பாக் விரிகுடாப் பக்கமும் திறப்பை ஏன் வேறுவேறாக வைக்க வேண்டும் என்பது புரியும்.

பயணப்பை:
கோர்டோபாவில் ஏப்ரல் பகல் வெயில் 23 டிகிரிதான். அதில் எந்த முற்றமும் குளுகுளுதான், ஒன்றும் நிரூபணமாகாது. ஜூன் கடைசியில் போங்கள். அல்ஹம்ப்ரா டிக்கெட் பெயர் போட்டது, அதற்குள் இருக்கும் நஸ்ரித் அரண்மனைக்குக் குறித்த நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். முப்பது பேர் என்றால் பாஸ்போர்ட் விவரத்தோடு பல வாரம் முன்பே பதிய வேண்டும். முக்காலி எடுத்துப் போகாதீர்கள். லாகரை அங்கே விட்டுவிட்டு வரவும் முடியாது, கையில் வைத்துத்தான் அளக்கணும். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது, உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள்.