பழைய போட்டை மீன்பிடிக்கத் தயார் செய்தவர்கள் உண்டா? நடந்ததைச் சொல்லுங்கள்

தெலுக்கும்பார்வாசி:

17 அடி பைபர் போட், 40 குதிரைத் திறன் யமஹா இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், டிரெய்லரும் சேர்த்து. பினாங்கில் பத்து மாவோங் பக்கம் ஒருவரிடம் விலை பேசி, போட் வீட்டு வாசலுக்கு வந்தாயிற்று. தூண்டில் ஹோல்டர், மீன் இருக்கும் இடம் காட்டும் புது சோனார், உள்ளே சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப் எல்லாம் மாட்டிக்கொண்டு பூலாவ் கெண்டித் தீவுக்குப் போக வேண்டும் என்பது திட்டம். அதைப் பற்றி எழுத வரவில்லை. ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

டிரான்சத்தில், அதாவது எஞ்சின் தொங்குகிற அந்தப் பின்சுவரில், பழைய சோனார் கண்ணை, அதாவது தண்ணீருக்குள் ஒலி அனுப்பி வாங்கும் பகுதியை, நாலு ஸ்குரூ போட்டுப் பிடித்திருந்தார்கள். விற்றவர் போட்டை இறக்கிவிட உதவிக்கு வந்திருந்தார். அவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் கழற்றினேன். மூன்று ஸ்குரூ ஒழுங்காக வந்தன. நாலாவதைத் திருப்பவே வேண்டியிருக்கவில்லை, விரலோடு வந்துவிட்டது. அந்த ஓட்டையிலிருந்து தே ஓ (பால் சேர்க்காத டீ) நிறத்தில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. சொட்டு இல்லை, ஓட்டம். நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம், நிற்கவில்லை. விற்றவர் என்னைப் பார்க்காமல் ஓட்டையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "கழுவின தண்ணி தம்பி, ரெண்டு நாள் வெயில் பட்டா காய்ஞ்சிரும்."

போட் பல வாரமாக டிரெய்லரில்தான் கிடந்தது, அவரே சொன்னதுதான். அவருக்குத் தெரிந்திருக்குமா தெரிந்திருக்காதா, அதுதான் என் கேள்வி.

மறுநாள் திருப்புளிக் கைப்பிடியால் தட்டிப் பார்த்தேன். மேல்பக்கம் கணீரென்று இருந்தது. தண்ணீர் வந்த இடத்துக்குக் கீழே சத்தமே செத்துப்போயிருந்தது. உள்ளே இருக்கும் பிளைவுட் ஊறிவிட்டது என்று நினைக்கிறேன். டிரான்சத்தைத் திறந்து பார்த்தவர்கள் யாராவது எழுதுங்கள்.

பாகான்மச்சான்:

டிரான்சம் எனக்குத் தெரியாது. என் கதை பம்ப்.

இடம் அதே பூலாவ் கெண்டி. மாமாவின் பழைய போட், புதிதாக மாட்டிய ஆட்டோமேட்டிக் பம்ப், பெட்டியில் மணிக்கு 1100 கேலன் என்று போட்டிருந்தது. ராத்திரி ஜெனாஹாக் மீனுக்கு நங்கூரம் போட்டிருந்தோம். விடிவதற்கு முன்னால் சுமத்ராக் காற்று வந்தது. இந்தப் பக்கத்துக் கடலுக்குப் போகிறவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே ஒரு கறுப்புப் பட்டை, சட்டென்று குளிர்காற்று, அப்புறம் மழை. பின்னால் ஐஸ் பெட்டி, பெட்ரோல் டாங்கி, மாமாவும் நானும். எங்கள் இருவர் எடையையும் கேட்காதீர்கள். அலை பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

பம்ப் ஓடியது. சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிந்தது, 'ர்ர்ர்' என்று சத்தமும் வந்தது. வெளியே குழாய் வாயில் டார்ச் அடித்தால் ஒரு சொட்டு இல்லை. நான் மாமாவைப் பார்க்க, மாமா என்னைப் பார்க்க, எங்கள் இருவருக்கும் நடுவே அவருடைய ஜப்பான் சிலிப்பர் மிதந்துகொண்டு முன்பக்கம் போனது.

பெயிண்ட் வாளியால் அள்ளித்தான் கரை சேர்ந்தோம். பம்பைக் கழற்றினால் உள்ளே தூண்டில் நைலான் சுற்றிக் கிடந்தது, கூடவே இறால் பாக்கெட் பிளாஸ்டிக். சத்தம் வருகிறது என்பதால் தண்ணீர் போகிறது என்று எந்த மடையன் நம்புவான்? மாமா நம்பினார், இப்போதும் அந்தப் பம்ப் நல்ல பம்ப் என்கிறார்.

ஓய்வுபெற்ற வயர்மேன்:

பாகான்மச்சான், பெட்டியில் போட்டிருக்கும் 1100 கேலன் என்பது குழாய் மேலே ஏறாமல், முழு வோல்டேஜும் கிடைத்தால் வருகிற கணக்கு. உங்கள் குழாய் மூன்றடி ஏறி, வளைந்து வெளியே போனால் அதில் ஒரு பகுதி போய்விடும். நைலான் இல்லாவிட்டாலும் அந்த மழைக்கு அது திணறியிருக்கும்.

என் கதை சின்னது. ஜெரெஜாக் தீவுப் பக்கம் ஒருவர் போட்டில் போகும்போது ஸ்டியரிங் அடியிலிருந்து கருகல் வாடை. மூடியைத் திறந்தால் காருக்குப் போடும் வயர், கறுப்பு டேப் சுற்றிய இணைப்பு, பேட்டரியிலிருந்து நேராக, இடையில் பியூஸே இல்லை. பிடுங்கி எறிந்தேன், அவ்வளவுதான்.

தம்பி தெலுக்கும்பார்வாசி, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், பழைய போட்டில் சாமான் ஏற்றுகிறவர்கள் எல்லாரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். வயர் ஈயம் பூசிய செம்பாக இருக்க வேண்டும், வெறும் செம்பு உப்புக் காற்றில் உள்ளேயே பச்சை பிடித்துவிடும். பியூஸ் பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள். பம்புக்கு மெயின் சுவிட்சைத் தாண்டித் தனி வயர், தனி பியூஸ், அப்போதுதான் போட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் மழைத் தண்ணீரை அது இறைக்கும். இணைப்புகள் அடித்தளத்தில் தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், டேப் வேண்டாம், சூடு காட்டினால் சுருங்கும், உள்ளே பசை உள்ள குழாய் போடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். அங்கே பொறி பறக்கும் கார் சுவிட்ச், கார் விசிறி எதுவும் கூடாது. தூண்டில் ஹோல்டரை மரை ஆணியால் பிடிக்காதீர்கள், தெங்கிரி மீன் ஒன்று இழுத்தால் ஹோல்டரும் கம்பும் சேர்ந்து போய்விடும். போல்ட் போட்டு, அடியில் தகடு வைத்து இறுக்குங்கள், 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சோனார் கண்ணுக்கு டிரான்சத்தில் ஓட்டையே போடாதீர்கள், ஒரு பிளாஸ்டிக் பலகையை ஒட்டி அதன்மேல் ஸ்குரூ போடலாம், நாளைக்குக் கருவி மாறினாலும் பலகை மாறாது. ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் அதைப் பெரிதாகத் துளைத்து எபாக்சிப் பசை நிரப்பி, காய்ந்ததும் நடுவில் மறுபடி துளையுங்கள், அப்போது ஸ்குரூ மரத்தைத் தொடாது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே குளியலறை சிலிகான் தடவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உங்கள் டிரான்சம் அழுகியதற்கும் அந்த நாலு ஸ்குரூதான் காரணம், சந்தேகமே வேண்டாம்.

அமான்தீவுக்காரி:

அங்கிள், அவர் டிரான்சத்தைத் திறந்தவர்களைத்தான் கேட்டார். நீங்கள் முழு போட்டுக்கும் வயர் இழுத்துவிட்டீர்கள். 🙂

எங்களுடையது டிரான்சம் இல்லை, தளம். நான் இருப்பது கோலாலம்பூர், அப்பாவின் 19 அடி போட் பத்து காவான் பக்கம். பூலாவ் அமான் தீவைச் சுற்றி சியாக்காப், கெலாமா மீன் பிடிக்கப் போவார். கொஞ்ச காலமாகப் போட் எழும்பவே மாட்டேன் என்றது. ஆக்சிலேட்டர் முழுவதும் கொடுத்தாலும் மூக்கு மேலே, பின்பக்கம் கீழே, தண்ணீரை உழுதுகொண்டே போகும். புரொப்பெல்லர் மாற்றினார்கள். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார்கள், அப்புறம் மறுபடியும் பிரித்துக் கழுவினார்கள். ஒவ்வொரு தடவையும் காசு.

லீவில் வந்தபோது தளத்தில் ஒரு சதுரம் வெட்டிப் பார்க்கலாம் என்றேன். அப்பாவுக்கு இஷ்டமில்லை, நல்ல தளத்தை வெட்டுவார்களா என்றார். வெட்டினோம். அடியில் மிதப்புக்காக நிரப்பிய நுரை, வெள்ளையாக இருக்க வேண்டியது, பழுப்பாகக் கனத்துக் கிடந்தது. தலையணை அளவுத் துண்டு ஒன்றைத் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. வாசலில் போட்டால் தண்ணீர் சாக்கடைவரை ஓடியது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத்தனை நாளும் கடலையும் ஏத்திக்கிட்டுதான் மீன் பிடிக்கப் போயிருக்கோம்" என்றார்.

நாற்காலி மாட்டிய ஸ்குரூ வழியாக மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இறங்கியது வெளியேற வழி இல்லை. கார்புரேட்டரை இரண்டாம் முறை கழுவியவர் போட்டின் மேல் ஏறி நின்றுதான் வேலை செய்தார். காலுக்கடியில் அந்தக் கனம் அவருக்குத் தெரியவில்லையா என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரெண்டு ஸ்ட்ரோக் விசுவாசி:

ஆளாளுக்குப் பயமுறுத்துகிறீர்கள். பினாங்கில் கிடக்கும் பழைய பைபர் போட் எதைத் தட்டினாலும் எங்காவது ஓரிடத்தில் சத்தம் செத்துத்தான் இருக்கும். அதற்காக எல்லாவற்றையும் பிளப்பார்களா?

கனம் பற்றித் தங்கச்சி சொன்னது சரி. அதனால்தான் சொல்கிறேன், பழைய போட்டில் புது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைக் கட்டாதீர்கள். அதே 40 குதிரைக்குக் கிட்டத்தட்ட 20 கிலோ கூடும், அதுவும் கடைக்கோடியில். தெலுக் பகாங்கில் கூட்டாளி ஒருவர் ஆசையாக மாற்றினார். ஜெட்டியில் கட்டிப்போட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், தளத்துத் தண்ணீர் வெளியே போக வைத்திருந்த ஓட்டைகள் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. தண்ணீர் அது வழியாகவே உள்ளே வந்துகொண்டிருந்தது. கவிழ்ந்த தூக்குச் சட்டியிலிருந்து வெளியே வந்த உயிர் இறால் தளத்தில் நீந்திக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிடிக்கக் குனிந்தார், நான் போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோவை இப்போதும் காட்டக்கூடாது என்கிறார்.

வயர்மேன் அண்ணே, எங்கள் அப்பா காலத்து போட்டில் ஏது பியூஸ்? ஓடவில்லையா?

ஓய்வுபெற்ற வயர்மேன்:

அப்பா காலத்தில் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்தார்கள், ஒரு பல்பு எரிந்தது. இப்போது சோனார், பம்ப், ரேடியோ, கைப்பேசி சார்ஜர் அத்தனையும் ஒரே பேட்டரியில். இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

தெலுக்கும்பார்வாசி:

எல்லாருக்கும் நன்றி. திறந்துவிட்டேன். உள்பக்கத் தோலை மட்டும் கிரைண்டரால் வெட்டினேன், வெளிப்பக்கம் அப்படியே இருக்கிறது. கீழ்ப் பாதி பிளைவுட்டுக்கு உளி தேவைப்படவில்லை, கையால் அடுக்கடுக்காக வந்தது. மேல் விளிம்பு ஒரு சாண் அளவு காய்ந்த கட்டை, புதிது மாதிரி. எஞ்சின் கவ்வியிருந்தது அந்த ஒரு சாணைத்தான்.

வயர்மேன் அண்ணே, ஒரு திருத்தம். நாலு ஸ்குரூ மட்டும் காரணம் இல்லை. தண்ணீர் திறந்துவிடும் அடைப்பானுக்கு ஒரு பித்தளைக் குழாய் இருக்குமே, அதைச் சுற்றித்தான் மரம் ரொம்பக் கறுத்திருக்கிறது. குழாய் ஆடுகிறது, பூச்சு எப்போதோ விட்டுப்போயிருக்கிறது. அங்கிருந்து ஆரம்பித்து மேலே ஏறி ஸ்குரூவரை வந்திருக்க வேண்டும். விற்றவர் குழாயைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் ஆடுகிற ஸ்குரூவை?

மெரின் பிளைவுட் இரண்டு அடுக்கு, எபாக்சி. பாலியெஸ்டர் மலிவுதான், பழைய பைபரில் எபாக்சி அளவுக்குப் பிடிக்காது என்று பட்டறையிலேயே சொன்னார்கள். ஈரம் முழுக்கக் காயும்வரை மூடப் போவதில்லை, பினாங்கு மழையில் அது எப்போது என்று பார்ப்போம். தார்ப்பாய் கட்டி, ஃபேன் வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். பழைய டிரான்சத்தின் உயரம் 20 அங்குலம். என் எஞ்சின் குட்டைத் தண்டு, 15. முன்பு நடுவில் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டு எஞ்சினை இறக்கி மாட்டியிருந்தார்கள். புதிதாகக் கட்டும்போது அதே வெட்டை வைப்பதா, 20ஆகவே விட்டு எஞ்சினை மாற்றுவதா?

பாகான்மச்சான்:

வெட்டு வேண்டாம். மாமா போட்டிலும் அப்படி ஒரு வெட்டு, அது வழியாக வந்த தண்ணீரில்தான் எங்கள் சிலிப்பர் மிதந்தது.

ரெண்டு ஸ்ட்ரோக் விசுவாசி:

20ஆகவே கட்டுங்கள், பின்னாலிருந்து வரும் அலைக்கு உயரம்தான் காவல். நீளத் தண்டு இரண்டு ஸ்ட்ரோக் பழையது கிடைக்கும், தேடிப் பார்க்கலாம். எதை மாட்டினாலும் புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் அந்தத் தட்டு போட்டின் அடியோடு சமமாக நிற்க வேண்டும். மேலே போனால் காற்றைக் குடிக்கும், ரொம்பக் கீழே போனால் இழுக்கும். மூடுவதற்கு முன்னால் சொல்லுங்கள், சனிக்கிழமை காலையில் வந்து அளந்து தருகிறேன். ரொட்டி சானாய் உங்கள் செலவு.